ரெண்டாம் வகுப்பில் எனக்கு ஒரு இடம்

சத்துணவு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தலைமையாசிரியையான பெரிய சிஸ்டர் என்னிடம் கேட்டது சாம்பாரைப் பற்றி அல்ல.

"எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க மல்லிகா?"

"எட்டாவதுங்க சிஸ்டர். பாஸ்."

"அப்ப ரெண்டாவதும் பாஸ்தானே?"

"ரெண்டாவது பாஸாகாம எட்டாவது எப்புடிங்க சிஸ்டர் பாஸாகுறது?"

சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க பள்ளிக்கூடத்து ரெண்டாவது கொஞ்சம் கஷ்டம். போகப் போகத் தெரியும்" என்றார். பெரிய படிப்புப் படித்தவர் சின்னப் படிப்புக்காரியைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டேன். அந்தப் பேச்சு எனக்கு விளங்கப் பதினேழு வருஷம் ஆனது.

இந்த வருஷம் எனக்கு வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது. என் இடத்துக்கு வந்திருக்கும் பெண், "அக்கா, அங்க எப்புடி நடந்துக்கணும், என்னென்ன பார்க்கணும்னு ஒரு நோட்டுல எழுதிக் குடுங்களேன்" என்றாள். அரிசி, பருப்பு, எண்ணெய் அளவெல்லாம் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. சுவரில் ஒட்டாத சங்கதி ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். என் மேல் தப்பு உள்ள இடத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஏன் மறைக்கவில்லை என்பது கடைசியில் தெரியும்.

தகரப் பலகை

கந்தர்வக்கோட்டையிலிருந்து கறம்பக்குடி போகிற வழியில், முந்திரிக் காடுகளுக்கு நடுவே இருக்கிற ஆர்.சி. தொடக்கப் பள்ளி அது. ஓடு போட்ட ஒரே நீள ஹால். ஐந்து வகுப்பும் அதற்குள்தான். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டி. ஹாலின் கடைசியில் சமையலறை. ரெண்டுக்கும் நடுவில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகச் சோறு அங்கிட்டுப் போகும், பாடம் இங்கிட்டு வரும். ஒன்றாம் வகுப்பு அ, ஆவும் ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கும் ஒரே நேரத்தில் காதில் விழும். முதல் வருஷம் தலைவலி வந்தது. ரெண்டாம் வருஷம் பழகிவிட்டது. மூன்றாம் வருஷம், பதினாறாம் வாய்ப்பாட்டில் பிள்ளைகள் தடுமாறினால் அடுப்படியிலிருந்து நான் எடுத்துக்கொடுக்க ஆரம்பித்திருந்தேன்.

நாங்கள் முத்துமாரி கும்பிடுகிற குடும்பம். நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசல்படி தாண்ட மாட்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அப்படித்தான். சிஸ்டர் அதைப் பற்றி யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. காலையில் மணி அடித்துப் பிள்ளைகள் ஜெபம் சொல்லும்போது நானும் கரண்டியோடு நின்று கண்ணை மூடிக்கொள்வேன். மாதாவும் ஆத்தாதான், மாரியும் ஆத்தாதான். உலை கொதிக்கும்போது ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டால் நல்லதுதானே.

ஹால் வாசலுக்கு மேலே ஒரு தகரப் பலகை உண்டு. எங்களுக்கெல்லாம் முன்னால் இருந்த ஒரு சிஸ்டர் எழுதி வைத்தது. தமிழும் கணக்கும் சர்க்கார் புத்தகப்படி எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் வெள்ளிக்கிழமை முதல் பீரியட் நல்லொழுக்க வகுப்பு. அதற்கு மட்டும் அந்தப் பலகைதான் புத்தகம். ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு பாடம், வருஷம் முழுக்க.

ஒன்றாம் வகுப்புக்கு மூன்று வார்த்தை: வணக்கம், நன்றி, மன்னிச்சிருங்க. எதை எப்போது சொல்வது என்று பிடிபடாத பிள்ளைகள், தட்டில் சோறு விழுந்ததும் மூன்றையும் மொத்தமாகச் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள்.

இரண்டாம் வகுப்புக்கு உண்மை பேசுவது. ஐந்திலும் ஆபத்தான வகுப்பு அதுதான். "ஆயாம்மா, இன்னைக்கி சாம்பாருல உப்பில்ல" என்று ஜன்னலுக்கு வந்து சொல்ல மற்ற வகுப்புகளில் ஆள் கிடையாது. இவர்களுக்குப் பரீட்சையும் வாயால்தான். எழுந்து நின்று, தான் செய்த ஒன்றை, சொல்லக் கஷ்டமான ஒன்றை, சொல்ல வேண்டும். கஷ்டமானதுதானா என்று வகுப்பே கை தூக்கிச் சொல்லும். கை குறைந்தால் ஃபெயில். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி எழுந்திருக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்புக்குப் பங்கிட்டுக்கொள்வது. ஒரு கொய்யாப்பழத்தைப் பதினோரு வாய் கடிக்கும். வீட்டுப்பாடத்தையும் அப்படியே பங்கிட்டுக்கொள்வார்கள், தலைப் பேனையும் அப்படியே.

நான்காம் வகுப்புக்கு மன்னிப்பது. அங்கே அடி வாங்கியவனைவிட அடித்தவனுக்குத்தான் பாடம் நன்றாக மனப்பாடம். "மன்னிக்கணும்டா. நாலாவதுதானே படிக்கிற?" என்று முதுகில் இன்னொன்று வைப்பான்.

ஐந்தாம் வகுப்புக்குப் பொறுப்பு. ஜூன் மாதம் ஒவ்வொருவரிடமும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை ஒப்படைப்பார்கள். கை கழுவி விடுவது, பொத்தான் போடுவது, மூக்குத் துடைப்பது, சாப்பிட வைப்பது எல்லாம் அவர்கள் வேலை. பத்து வயசுப் பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏன் ஆயாம்மா, எம்புள்ளைக்கு மட்டும் சின்ன முட்டை?" என்று சண்டைக்கு வரும்.

அறுபத்தொன்று

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சரியாக அறுபத்தொன்று. அறுபத்தொன்று இருந்தால் மூன்று டீச்சர். அறுபதுக்கு இறங்கினால் இரண்டு பேர்தான். மூன்றாவது ஆள் சர்ப்ளஸ். சர்ப்ளஸ் ஆனவர்களை எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறதோ அங்கே அனுப்பிவிடுவார்கள்.

அந்த மூன்றாவது ஆள் ஜெசிந்தா டீச்சர். ஒன்றாவதும் இரண்டாவதும் அவர் கையில். கணவர் மஸ்கட்டில், வீட்டில் பால் குடி மறக்காத குழந்தை. மணமேல்குடிப் பக்கம்தான் இடம் காலியாக இருக்கிறது என்று பேச்சு. ஒரு போக்குக்கே மூன்று பஸ் மாற வேண்டும். ஜெசிந்தா டீச்சர் போனால் அவருக்கு மட்டும் கஷ்டமில்லை. ஒன்றாவது, இரண்டாவது, மூன்றாவது மூன்றையும் சிஸ்டர் தலையில் கட்டி, ஒரு மூலையில் மந்தை மாதிரி உட்காரவைக்க வேண்டியதுதான்.

இந்த நேரத்தில் ஒன்றாம் வகுப்புக் கவின் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டான். அவன் மூக்கு எப்போதும் ஒழுகும். அவனை ஒப்படைத்திருந்தது ஐந்தாம் வகுப்புப் பவித்ராவிடம். ஒரு நாள் கைக்குட்டை இல்லையென்று முந்திரி எலையைப் பறித்து மூக்கைத் துடைத்துவிட்டாள். முந்திரி எலை மூக்குத் துடைக்கிற எலையா? மூக்கு சிவந்து, பையன் அழுது, வீட்டுக்குப் போய், "பவித்ராக்கா இருந்தா நான் போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். அவன் ஆத்தாவும் அப்பனும் விடியுமுன் முந்திரிக் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். யார் இழுத்துக்கொண்டு வருவது? எட்டு நாள் ஆயிற்று. சிஸ்டர் ரெண்டு தடவை போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டானாம்.

அப்போதுதான் வட்டாரக் கல்வி அதிகாரி, பி.இ.ஓ. சார், வருகிற செய்தி வந்தது. தலையை நேரில் எண்ணப் போகிறார், ரொம்ப நாளாக வராத பிள்ளையைக் கணக்கில் சேர்க்க மாட்டார் என்று சிஸ்டர் சொன்னார். ஜெசிந்தா டீச்சர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வீட்டுக் கோழி முட்டை

என் கொழுந்தனார் மகன் தருண். ஆறு வயசு. கந்தர்வக்கோட்டையில் இங்கிலீஷ் மீடியம். பி.இ.ஓ. சார் வருகிற அன்று அவனுடைய பள்ளிக்கூடத்துக்கு ஏதோ லீவு. காலையில் வாசலில் டயரை உருட்டிக்கொண்டு நின்றவனைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. கெட்ட புத்தி எப்போதும் வேகமாகத்தான் வேலை செய்யும்.

"தருணு, பெரியம்மாகூடப் பள்ளிக்கூடத்துக்கு வாரியா?"

"லீவு விட்டதே வீட்டுல இருக்கத்தான்."

"அவிச்ச முட்டை தாரேன்."

"எத்தனை?"

"ஒண்ணு."

"ரெண்டு."

ரெண்டுக்கு ஒத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்து முட்டையை நான் தொட மாட்டேன்; அந்த விஷயத்தில் கறார். வீட்டுக் கோழி முட்டை ரெண்டை அவித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். பக்கத்து வீட்டில் சின்னவனுடைய யூனிபாரம் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிவிட்டேன். வழி நெடுகப் பாடம் நடத்தினேன்.

"இன்னைக்கி மட்டும் ஒம் பேரு கவின். கவின்னு கூப்பிட்டா?"

"பிரசன்ட் மிஸ்."

"அடேய், இங்க உள்ளேன் ஐயா."

"உள்ளேன் ஐயா."

முத்துமாரி கோயிலைத் தாண்டும்போது, "ஆத்தா, இது நல்லதுக்குத்தான், ஒனக்கு மாவிளக்குப் போடுறேன்" என்று வேண்டிக்கொண்டேன். பள்ளிக்கூட வாசலில் மாதா சொரூபத்தைப் பார்த்ததும் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். ஒரே பொய்க்கு ரெண்டு இடத்தில் நேர்ச்சை வைத்த ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சிஸ்டரிடம் சொல்லவில்லை. ஜெசிந்தா டீச்சரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்கள். தருணைச் சமையலறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். ஜெபம் முடிந்த கையோடு பவித்ரா ஜன்னலுக்கு வந்தாள். என்னவோ சொன்னாள். கடுகு வெடிக்கிற சத்தம். என் கவனமெல்லாம் மூட்டைக்குப் பின்னால். "சரி சரி, போ" என்றேன். போய்விட்டாள்.

ஒரு தலை கூடுது

பி.இ.ஓ. சார் பத்தரைக்கு வந்தார். அவர் சிஸ்டர் அறையில் காபி குடிக்கிற நேரம் பார்த்து தருணை ஒன்றாம் வகுப்பில், கடைசி வரிசையில் செருகிவிட்டேன். ஜெசிந்தா டீச்சர் பார்த்துவிட்டார். கண்ணாலேயே "யாரு இது?" என்றார். நான் கண்ணாலேயே "பேசாம இருங்க" என்றேன். அவர் முகம் வெளுத்தது. வாயைத் திறப்பதற்குள் சார் ஹாலுக்குள் வந்துவிட்டார்.

சார் ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணினார். பிறகு போனை எடுத்துப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"சிஸ்டர், நானும் எத்தனையோ பள்ளிக்கூடம் பார்த்துட்டேன். எல்லா எடத்துலயும் தலை குறையும். உங்க பள்ளிக்கூடத்துல ஒரு தலை கூடுது."

"என்ன சார் சொல்றீங்க?"

"காலையில நீங்க போன்ல போட்ட அட்டெண்டன்ஸ் அம்பத்தொம்பது. ஒண்ணாவதுல கவின் ஆப்சென்ட், அஞ்சாவதுல பவித்ரா ஆப்சென்ட். இங்க எண்ணுனா அறுபது தலை வருது."

அங்கேதான் என் எட்டாம் வகுப்புப் படிப்பு காலை வாரிவிட்டது. அட்டெண்டன்ஸ் என்றால் சிவப்பு மையும் நீல மையுமாக ஒரு பெரிய நோட்டு, சார் வந்து பெயர் கூப்பிடும்போது எழுதுவது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் ஒன்பதரைக்கே டீச்சர்கள் போனில் போட்டு, அது மேலிடம் வரைக்கும் போய்விடுகிறது என்று எனக்குத் தெரியாது. தினம் என் ஜன்னலுக்கு எதிரில் நின்றுதான் போட்டிருக்கிறார்கள். டீச்சர் வீட்டுக்காரரிடம் பேசுகிறார் போல என்று நினைத்திருக்கிறேன்.

ஜெசிந்தா டீச்சர் கவினுக்கு ஆப்சென்ட்தான் போட்டிருந்தார். போட்டால் தன் வேலை மணமேல்குடிக்குப் போகும் என்று தெரிந்தே போட்டிருந்தார்.

சார் கடைசி வரிசைக்கு வந்தார். "கவின் யாரு?"

தருண் எழுந்தான். பாடம் மறக்கவில்லை. "உள்ளேன் ஐயா."

"நீதான் கவினா?"

"இன்னைக்கி மட்டும்" என்றான்.

ரெண்டாம் வகுப்புச் சாட்சி

சார் சிரிக்கவில்லை. தட்டிக்கு அங்கிட்டு ரெண்டாம் வகுப்பு அத்தனை பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவள் ரித்திகா. ரெட்டைச் சடை, முன்பல் ரெண்டும் கிடையாது.

"நீ எத்தனாவது?"

"ரெண்டாவது சார்."

"இவன் யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். ஆயாம்மா வீட்டுத் தருணு. சட்டை எந்தம்பியோடது. காலையில ஆயாம்மா எங்கம்மாகிட்ட வாங்கிட்டுப் போனாங்க. நேத்துத்தான் தொவைச்சது."

யாரும் கேட்காத தகவலையும் சேர்த்துச் சொன்னாள். ரெண்டாம் வகுப்பு அப்படித்தான்.

எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. கையில் கரண்டியோடு நான். ஓடவும் இடமில்லை. தருண் வேறு, "பெரியம்மா, முட்டை எங்க?" என்றான்.

சிஸ்டர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை. சார் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஒரு புள்ளை இப்புடின்னா மத்த அம்பத்தொம்பதும் இந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கன்னு நான் எப்புடி நம்புறது? மூணாவது போஸ்ட்டுக்கு எதை வச்சு எழுதுறது?"

ஜெசிந்தா டீச்சர் சாக்பீஸை மேசைமேல் வைத்தார். கவின் வராததால் போகவிருந்த வேலை, இப்போது நான் குறுக்கே வந்ததால் போகப் போகிறது. நான் சமையலறையை விட்டு வெளியே வந்து ஹாலின் நடுவில் நின்றேன். வாயில் ஒன்றாம் வகுப்புப் பாடம்தான் வந்தது.

"மன்னிச்சிருங்க சார். சிஸ்டருக்குத் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. நானாத்தான் செஞ்சேன். தப்பு."

"அது எனக்கும் தெரியுது. நான் கேட்டது மத்தப் புள்ளைங்க கதை."

அப்போது ரித்திகா கையைத் தூக்கினாள். "சார், எல்லாரையும் எனக்குத் தெரியும். சொல்லவா?"

சார் அவளைப் பார்த்தார். அவள் சடையை, பல்லில்லாத வாயைப் பார்த்தார். "வா" என்றார்.

அந்தப் பிள்ளை சாரின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனாள். அந்த நடையை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

"இவ கீர்த்தனா சார், பெரிய தெரு, இவங்க ஆடு எங்க கொல்லையில மேயும். இவன் சூர்யா சார், எம் பென்சிலைத் திருடுனவன், ஆனா இங்கதான் படிக்கிறான். இவ பேரு பெரிய பேரு, எல்லாரும் பாப்பான்னுதான் சொல்லுவோம். இவங்க ரெண்டு பேரும் ஒண்ணாப் பொறந்தவங்க, ஆனா அவன்தான் நல்லவன்."

சார் ஒவ்வொரு பெயருக்கும் போனில் உள்ள போட்டோவை ஒத்துப் பார்த்தார். பத்து பேர் வரைக்கும் ஒத்துப் பார்த்தார். அப்புறம் போனை மூடிவிட்டு அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நடந்தார். கடைசி வரிசையில் அவர் வாயோரத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தது.

"அம்பத்தொம்பதும் சரி" என்றார். "ஆயாம்மாவையே காட்டிக்குடுத்த வாயி, மத்தவங்களுக்காகப் பொய் சொல்லாது. ஆனா சிஸ்டர், அம்பத்தொம்பதுதான். அந்தக் கவினும் இன்னொரு புள்ளையும்?"

பால்ராஜ் சார் ஐந்தாம் வகுப்புப் பக்கமிருந்து, "பவித்ரா ஜெபத்துல நின்னுச்சு சார். அப்புறம் காணோம்" என்றார். அவர்தான் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் வாத்தியார்.

சிஸ்டருக்குப் பதற்றம் வந்துவிட்டது. தலை எண்ணுவதை விட்டுவிட்டு எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கண்மாய்க் கரை. கரைக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஓட்டு வீடுதான் கவின் வீடு. கரைமேல் பவித்ரா வந்துகொண்டிருந்தாள். பாவாடை முழுக்கப் புழுதி. முதுகில் கவின் உப்பு மூட்டை. அவன் கையில் ஒரு துண்டு வெள்ளைத் துணி. அதை மூக்கில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி வந்தான்.

பவித்ரா அவனை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினாள். "வர மாட்டேன்னான் சிஸ்டர். கட்டிலுக்கு அடியில போயிட்டான். நானும் அடியில போயி, மன்னிச்சிருன்னு சொன்னேன். பத்து வாட்டி சொல்லுன்னான். சொன்னேன். அப்பறம் தூக்கிட்டுத்தான் போவணும்னான்."

சார் கவின் தலையில் விரலை வைத்தார். "அறுபது." பவித்ரா தலையில் வைத்தார். "அறுபத்தொண்ணு." தருணைப் பார்த்து, "நீ வீட்டுக்குப் போயி முட்டை தின்னு" என்றார்.

ஜெசிந்தா டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் இன்றுவரை அங்கேதான் இருக்கிறார்.

ஞாபகம் இல்லீங்க சிஸ்டர்

இத்தோடு முடித்திருந்தால் கதை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முடியவில்லை.

சார் போன பிறகு சிஸ்டர் பவித்ராவைக் கூப்பிட்டார். "கூட்டிட்டு வந்தது நல்லதுதான். ஆனா காம்பவுண்டை விட்டு யாருகிட்டயும் சொல்லாமப் போகலாமா? கண்மாய்ல தண்ணி கெடக்கே, ஒனக்கு ஒண்ணு ஆயிருந்தா?"

"ஆயாம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன் சிஸ்டர். கவினைக் கூட்டிட்டு வாரேன்னு ஜன்னல்ல சொன்னேன். சரி போன்னாங்க."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "சொன்னாளா மல்லிகா?"

கரைமேல் அவளைப் பார்த்த உடனேயே எனக்கு ஞாபகம் வந்துவிட்டிருந்தது. கடுகு வெடித்ததும், ஜன்னலில் அவள் முகமும், "சரி சரி, போ" என்றதும். காது கொடுத்துக் கேட்டிருந்தால் தருணை வகுப்பில் செருகியிருக்கவே வேண்டியதில்லை. ஆனால் ஒரு தப்பு ஊரறிய வெளிவந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பிள்ளையைக் காம்பவுண்டுக்கு வெளியே அனுப்பியதும் நான்தான் என்றால் வேலை போய்விடும் என்று பயம்.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க சிஸ்டர்" என்றேன்.

பவித்ரா என்னைப் பார்த்தாள். கவினை அவளிடமிருந்து எடுத்து வேறு பையனிடம் ஒப்படைத்தார்கள். மறுநாள் மத்தியானம் அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். முட்டை சின்னதா பெரிசா என்று கேட்க ஜன்னலுக்கு வரவில்லை.

எனக்குச் சிஸ்டர் கொடுத்த தண்டனை வேறு. மெமோ கிமோ எதுவும் இல்லை. "வெள்ளிக்கிழமை முதல் பீரியட் நீங்க ரெண்டாவதுல உக்காருங்க மல்லிகா."

"எத்தனை வாரத்துக்குங்க சிஸ்டர்?"

"பாஸாகுற வரைக்கும்."

பரீட்சை

வெள்ளிக்கிழமைதோறும் பருப்பை வேகப் போட்டுவிட்டு, ரெண்டாம் வகுப்பில் கடைசி வரிசையில், ரித்திகாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "ஆயாம்மா, காலை நீட்டாதீங்க, டீச்சர் பார்த்துருவாங்க" என்று எனக்குக் காவல் வேறு.

முதல் வாரம் எழுந்து, "போன மாசம் ரெண்டு முட்டை ஒடைஞ்சுச்சு, பூனை தட்டிருச்சுன்னு சொன்னேன். தட்டுனது என் முழங்கை" என்றேன். மூன்று கைதான் உயர்ந்தது. ஃபெயில்.

"அது சின்னது ஆயாம்மா" என்றாள் ரித்திகா, ஆறுதலாக.

அடுத்த வாரம், சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னபோது இருக்கிறது என்று சாதித்ததைச் சொன்னேன். "அது எங்களுக்கே தெரியும்" என்றார்கள். ஃபெயில். தீபாவளிக்கு நாத்தனாரிடம் மறைத்த சேலைக் கதையைச் சொன்னேன். கதை பிடித்திருந்தது, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். ஆனாலும் ஃபெயில். இப்படியே ஆவணி போய், கார்த்திகை போய், மார்கழியும் போனது. ஏழு வயசுப் பிள்ளைகளுக்கு எது கனமானது, எது கனமில்லாதது என்று எப்படியோ தெரிகிறது. சின்னப் பொய்யை நீட்டினால் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

பொங்கல் லீவுக்கு ஊர்க் கோயிலில் மாவிளக்கு. இடித்த மாவைக் கையில் வைத்துக்கொண்டு முத்துமாரி முன்னால் நின்றேன். என்ன வேண்டினாலும் அவள் கண் என்னைப் பார்ப்பது மாதிரி இல்லை. எனக்குப் பின்னால் யாரையோ பார்ப்பது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தில் பவித்ரா, அவள் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

லீவு முடிந்த முதல் வெள்ளிக்கிழமை எழுந்தேன். "டீச்சர், இன்னைக்கி அஞ்சாவதுலேருந்து பவித்ராவைக் கூப்பிடணும். சிஸ்டரும் வரணும்" என்றேன். தட்டிக்கு மேலே தலைகள் எட்டிப் பார்த்தன. பவித்ரா வந்தாள். சிஸ்டர் வாசலில் நின்றார்.

"அன்னைக்கி பவித்ரா ஜன்னல்ல வந்து எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. நான் காதுல வாங்காம சரி போன்னேன். சிஸ்டர் கேட்டப்ப எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னேன். ஆறு மாசமா இந்தப் புள்ளை என் பொய்யைச் சுமக்குது."

வேலை போனால் போகட்டும் என்று நின்றேன்.

யாரும் சொல்லாமலே ரித்திகா கையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் ரெண்டாம் வகுப்பு முழுக்கக் கை. தட்டிக்கு மேலே மூன்றாம் வகுப்புக் கைகளும் தெரிந்தன. அவர்கள் எதையும் பங்கு போட்டுக்கொள்கிறவர்கள்.

சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாஸ்" என்றார். "கவின் யாருகிட்ட இருக்கான்? அவனைப் பவித்ராகிட்டயே குடுங்க."

நான் பவித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "மன்னிச்சிரு தாயி."

"அது அப்பவே மன்னிச்சாச்சு ஆயாம்மா" என்றாள். "நான் போன வருஷமே நாலாவது பாஸுல்ல?"

அன்று மத்தியானம் அவள் ஜன்னலுக்கு வந்தாள். இடுப்பில் கை. கவின் தட்டை எட்டிப் பார்த்து, "ஏன் ஆயாம்மா, எம்புள்ளைக்கு மட்டும் சின்ன முட்டை?" என்றாள்.

என் இடத்துக்கு வந்திருக்கும் தங்கச்சிக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். பருப்பு தீய்ந்தால் வேறு பருப்பு போட்டுக்கொள்ளலாம். ஜன்னலில் ஒரு பிள்ளை வந்து நின்றால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அது என்ன சொல்கிறது என்று கேள். அப்புறம், ரெண்டாம் வகுப்பில் கடைசி வரிசை, சுவரோரம், ரித்திகா உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் தரை கொஞ்சம் பள்ளம். உட்கார நேர்ந்தால் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டுக்கொள்.